அன்று அடுப்படி காலி
எங்கள் பகுதி மகளிர் தின விழாவில் பொன்னாடை போர்த்திக்கொண்ட கையோடு, “வீட்டில் உலை வைக்கணும்” என்று ஒரு பெண்மணி அவசரமாகக் கிளம்பினார். எனக்கு 1975 அக்டோபர் 24-ம் தேதியின் ஐஸ்லாந்து நினைவுக்கு வந்தது. தங்கள் உழைப்பின் மதிப்பை உணர்த்த, அந்நாட்டுப் பெண்களில் சுமார் 90 சதவீதம் பேர் அன்று வேலைக்கும் போகவில்லை, அடுப்பும் பற்றவைக்கவில்லை. தலைநகரில் மட்டும் சுமார் 25,000 பேர் திரண்டார்கள். அந்தப் பேரணியைவிட என்னை உலுக்கியது, கடைகளில் சாசேஜ் தீர்ந்துபோன செய்தி. அப்பாக்களுக்குச் சட்டென்று சமைக்க முடிந்தது அதுதான்! வீட்டு வேலையின் கனத்தை எந்த மேடைப் பேச்சும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. மறு ஆண்டே சமத்துவச் சட்டம் வந்தது. 1980-ல் ஒரு பெண் அந்நாட்டின் குடியரசுத் தலைவரானார். ஆண்களே, அடுத்த விழா நாளிலாவது உலையை நீங்கள் வையுங்கள்.