சேணத்தின் மேலிருந்து எழுதியவர்கள்

போர் நினைவுக் குறிப்புகளை விரும்பி வாசிக்கும் நம்மில் பலர், தளபதிகளின் நூல்களோடு நின்றுவிடுகிறோம். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி அறிய விழைகிறவர் யுலிசஸ் கிராண்ட்டின் நூலைத் தேடிச் செல்வது இயல்பு. அது தகுதியான நூல்தான். ஆனால் வரைபடத்தின் முன் அமர்ந்து போரைக் கண்டவருக்கும், மூன்று நாள் உறக்கமின்றிக் குதிரையின் முதுகில் அமர்ந்து அதே போரைக் கண்டவருக்கும் கிடைத்த உண்மை ஒன்றல்ல. போர் முடிந்த பிறகு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் குதிரைப்படை வீரர்கள் எழுதிக் குவித்த நூல்களை வாசிக்கையில் நமக்கு இதுவே தோன்றுகிறது. அந்நூல்களை எப்படி வாசிப்பது என்பதில் நமக்கு ஒரு கருத்து உண்டு.

முதலில் அவற்றின் வலிமையைச் சொல்லிவிட வேண்டும். இந்நூல்களில் நாம் ஐயமின்றி நம்பக்கூடிய பகுதி குதிரையைப் பற்றியது. தென்னகக் கூட்டமைப்பின் படையில் வீரனே தன் சொந்தக் குதிரையைக் கொண்டுவர வேண்டும். அதற்கு அரசு நாளொன்றுக்கு 40 சென்ட் வாடகை தந்தது. களத்தில் குண்டடிபட்டுக் குதிரை இறந்தால் இழப்பீடு உண்டு. நோயிலோ ஓட்டத்தின் களைப்பிலோ இறந்தால் ஒன்றுமில்லை. வேறு குதிரை தேடிக்கொள்ள முடியாதவன் காலாட்படைக்குப் போக வேண்டியதுதான். ஆகவே தென்னக வீரனின் எழுத்தில் குதிரையின் முதுகுப் புண்ணும், கழன்று விழுந்த லாடமும், தீவனமற்ற குளிர்காலமும் திரும்பத் திரும்ப வருகின்றன. அவனுக்கு அவை வாழ்வாதாரக் கவலைகள். வடக்கிலோ குதிரையை அரசே கொடுத்தது. இரு தரப்பிலுமாக அப்போரில் மடிந்த குதிரைகளும் கோவேறு கழுதைகளும் பத்து லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடப்படுகிறது. பெருமை பேசுகிறவன்கூடத் தன் குதிரையைப் பற்றிப் பேசும்போது பொய் சொல்வதில்லை.

அடுத்து அவற்றின் நகைச்சுவை. ஜான் மாஸ்பி தன் நினைவுக் குறிப்புகளில் குதிரைப்படையின் அடையாளமான வாளையே கேலி செய்கிறார். நெருப்பில் இறைச்சி வாட்டுவதற்குத்தான் அது பயன்பட்டது என்பது அவர் கட்சி. அவரது வீரர்கள் நம்பியது ரிவால்வரை. 1863 மார்ச் 9 அதிகாலையில் 29 பேருடன் எதிரியின் எல்லைக்குள் புகுந்து, உறங்கிக்கொண்டிருந்த வடக்குத் தளபதி ஸ்டோட்டனைச் சிறைபிடித்து வந்தவர் அவர். உடன் கிடைத்தவை 58 குதிரைகள். செய்தி கேட்ட லிங்கன், தளபதியை இன்னொருவராக நியமித்துக்கொள்ளலாம், குதிரைகள்தாம் போய்விட்டன என்று வருந்தியதாகச் சொல்வார்கள். பேசில் டியூக் 1867-இல் எழுதிய மார்கன் குதிரைப்படையின் வரலாற்றில் வரும் காட்சி இன்னும் விநோதமானது. 1863 ஜூலையில் இந்தியானாவுக்குள்ளும் ஒஹையோவுக்குள்ளும் பாய்ந்த வீரர்கள் கடைகளைச் சூறையாடினார்கள். ஒருவன் கூண்டோடு கேனரிப் பறவைகளைத் தூக்கிக்கொண்டு இரண்டு நாள் சவாரி செய்தான். இன்னொருவன் கொளுத்தும் கோடையில் பனிச்சறுக்குக் காலணிகளைக் கழுத்தில் மாலையாகத் தொங்கவிட்டுக்கொண்டான். மார்கனின் மைத்துனரும் படையில் அவருக்கு நெருங்கிய துணைவருமான டியூக் இதை மறைக்கவில்லை. ஒழுங்கு குலைந்த ஒரு படையின் சித்திரம், சிரித்துக்கொண்டே அளித்த வாக்குமூலமாக நமக்குக் கிடைக்கிறது.

இவ்வளவு சுவையான நூல்கள் ஒரு பொய்யையும் சுமந்து வருகின்றன என்பதைச் சொல்லாமல் விடுவது வாசகருக்குச் செய்யும் துரோகம். தென்னகம் தோற்ற பிறகு, தோல்வியைக் காவியமாக்கும் பணி அங்கே நடந்தது. இறகு செருகிய தொப்பியும் கனிவான பேச்சும் கொண்ட குதிரைவீரன் அக்காவியத்தின் நாயகன் ஆனான். அவன் எதற்காகப் போரிட்டான் என்ற கேள்வி நாகரிகமாக ஒதுக்கப்பட்டது. மாஸ்பி இதற்கு விதிவிலக்கு. தென்னகம் அடிமைமுறைக்காகவே போருக்குப் போனது என்று 1907-இல் ஒரு கடிதத்தில் வெளிப்படையாக எழுதினார். தாம் போரிட்டதற்கு அவர் வெட்கப்படவில்லை. ஆனால் காரணத்தை மாற்றிச் சொல்ல மறுத்தார். அந்த நேர்மை அரிது.

நாம் இங்கே முதன்மையாகப் பேச விரும்புவது ஜார்ஜ் டல்லஸ் மாஸ்க்ரோவ் 1895-இல் வெளியிட்ட நூலைத்தான். தென்னகத்தின் நான்காவது கென்டக்கிக் குதிரைப்படையில் சாதாரண வீரராக இருந்தவர் அவர். 'டிக்ஸியில் கென்டக்கிக் கவலியர்கள்' என்பது நூலின் தலைப்பு. டிக்ஸி என்பது தென்னகத்தின் செல்லப்பெயர். கவலியர் என்றால் குலப்பெருமை மிக்க குதிரைவீரன். தலைப்பே நூலின் தொனியைச் சொல்லிவிடும். அழகிய தளபதிகள், துணிச்சலான தோழர்கள் என்று செல்லும் அந்நூல், சால்ட்வில் என்ற ஊரை அடைந்ததும் வேறொன்றாகிவிடுகிறது.

சால்ட்வில் தென்மேற்கு வர்ஜீனியாவில் உள்ளது. தென்னகப் படைகளின் இறைச்சியைப் பதப்படுத்த உப்பு தந்த ஊர். 1864 அக்டோபர் 2-ஆம் நாள் வடக்குப் படை அதைத் தாக்கித் தோற்றது. இரவில் காயமடைந்தோரைக் களத்திலேயே விட்டுப் பின்வாங்கியது. அவர்களில் ஐந்தாவது கறுப்பினக் குதிரைப்படையின் வீரர்களும் இருந்தனர். மறுநாள் காலை துப்பாக்கிச் சத்தம் கேட்டு மாஸ்க்ரோவ் சென்று பார்க்கிறார். டென்னசிக்காரர்கள் காயம்பட்டுக் கிடந்த கறுப்பினத்தவரைக் கொன்றுகொண்டிருக்கிறார்கள். முன்னாள் துணைக் குடியரசுத் தலைவரும் அப்போது தென்னகத் தளபதியுமான பிரெக்கின்ரிட்ஜ் வந்து கடுஞ்சினத்தோடு கொலையை நிறுத்த ஆணையிடுகிறார். அவர் குதிரையேறிச் சென்றதும் சுடுதல் தொடர்கிறது. இதைத் தோற்ற தரப்பின் வீரர் ஒருவர், தம் படையைப் போற்ற எழுதிய நூலிலேயே பதிவு செய்திருக்கிறார். வடக்குப் படையின் மருத்துவர் ஒருவரும் அக்கொலைகளைப் பற்றி அறிக்கை அளித்தார். கொல்லப்பட்டோரின் எண்ணிக்கையில் வரலாற்றாசிரியர்களிடையே உடன்பாடில்லை. கொலை நடந்தது என்பதில் ஐயமில்லை.

இந்த இடத்தில் இரண்டு விதமாகத் தவறலாம். மாஸ்க்ரோவின் நேர்மையைப் புகழ்ந்துவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போவது ஒன்று. அவர் குற்றத்தை டென்னசிக்காரர்களின் தலையில் வைத்துவிட்டுத் தம் கென்டக்கித் தோழர்களைச் சுத்தமாக வெளியே கொண்டுவந்துவிடுவதை நாம் கவனிக்க வேண்டும். காவியம் எழுதுகிறவர் காவியம் எழுதுகிறார் என்று நூலையே தூக்கியெறிவது மற்றொன்று. எறிந்தால் அந்தச் சாட்சியமும் சேர்ந்தே போகும்.

நாம் சொல்லும் வழி எளிது. அந்த அத்தியாயத்தைக் கர்னல் ஜேம்ஸ் பிரிஸ்பினின் அறிக்கையோடு சேர்த்து வாசிக்க வேண்டும். கறுப்பினப் படைவீரர்களைப் பற்றி அவர் 1864 அக்டோபரில் மேலிடத்துக்கு எழுதியது அது. பழக்கப்படாத குதிரைகள், சேணத்தில் அமர்ந்தபடி மருந்தேற்ற முடியாத காலாட்படைத் துப்பாக்கிகள். சால்ட்வில் செல்லும் வழி நெடுக, தம் தரப்பு வெள்ளை வீரர்களே அவர்களை ஏளனம் செய்தார்கள், தொப்பிகளைப் பறித்தார்கள், குதிரைகளைத் திருடினார்கள். அவர்கள் பதில் பேசவில்லை. களத்தில் இறங்கிய 400 பேரில் 114 வீரர்களும் 4 அதிகாரிகளும் வீழ்ந்தனர். திரும்பி வரும் வழியில் ஏளனம் செய்தவர்கள் வாய் திறக்கவில்லை என்கிறது அறிக்கை.

இவ்விரண்டையும் அருகருகே வைத்தால்தான் ஒன்று புலப்படும். அக்கறுப்பின வீரர்களில் மிகப் பலர் கென்டக்கியில் அடிமைகளாக இருந்தவர்கள். அம்மாநிலத்தின் நெல்சன் முகாமில் திரட்டப்பட்டவர்கள். லிங்கனின் விடுதலைப் பிரகடனம் கென்டக்கிக்குப் பொருந்தவில்லை. ஆகவே படையில் சேர்வதே அவர்களுக்கு விடுதலைக்கான வழியாக இருந்தது. அவர்களும் கென்டக்கியின் குதிரைவீரர்களே. ஆனால் மாஸ்க்ரோவின் தலைப்பில் அவர்களுக்கு இடமில்லை. அவருடைய நூலுக்குள் அவர்கள் சாவதற்காக மட்டுமே வருகிறார்கள்.

குதிரைப்படை நினைவுக் குறிப்புகளை நாம் தொடர்ந்து வாசிப்போம். கேனரிப் பறவைகளுக்காகச் சிரிக்கவும் செய்வோம். ஆயினும் அத்தகைய நூல் ஒன்றைக் கையில் எடுக்கும்போது, இதே களத்தில் குதிரையேறி நின்று, எழுதுவதற்கு உயிரோடு திரும்பாதவர் யார் என்று ஒருமுறை கேட்டுக்கொள்வோம். சால்ட்வில்லைப் பொறுத்தவரை விடை மாஸ்க்ரோவின் நூலிலேயே இருக்கிறது.