விளையாட்டை அல்ல, சூதைத் தடுப்போம்





சென்ற கோடை விடுமுறையில் எங்கள் மஹல்லாவின் ஒரு வீட்டில் நடந்தது இது. வளைகுடாவில் உழைக்கும் தந்தை மாதச் செலவுக்கென அனுப்பிய பணத்தில் பெரும்பகுதி மூன்றே நாளில் கரைந்துபோனது. எடுத்தவன் திருடன் அல்லன்; பதினொரு வயது மகன். தாயின் கைப்பேசியில் ஆடிய விளையாட்டுக்காக ‘வைரம்’ வாங்கினான். அந்த வைரத்தைக் கொடுத்துப் பெட்டிகளைத் திறந்தான். விரும்பிய துப்பாக்கி கிடைக்கும்வரை திறந்துகொண்டே இருந்தான். பிள்ளையை எல்லோரும் ஏசினார்கள். பணம் செலுத்தும் ரகசிய எண்ணை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அதை நாம் கேட்கிறோம்.

பெட்டிக்குள் இருப்பது என்ன?

பணத்தைக் கொடுக்கிறோம், கிடைக்கப்போவது என்னவென்று தெரியாது, கிடைக்காவிட்டால் மீண்டும் கொடுக்கத் தோன்றுகிறது. இதற்கு மார்க்கத்தில் பெயர் உண்டு: மைஸிர், அதாவது சூது. அல்மாயிதா அத்தியாயத்தின் 90ஆம் வசனம் அதனை மதுவுடன் சேர்த்தே விலக்குகிறது. நம் வீட்டுக்குள் மதுப்புட்டி வந்தால் பதறும் நாம், இந்தப் பெட்டிகள் வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பெல்ஜியத்தின் சூதாட்டக் கண்காணிப்பு ஆணையம் 2018இலேயே சில புகழ்பெற்ற விளையாட்டுகளின் இத்தகைய பெட்டிகளைச் சட்டவிரோதச் சூதாட்டம் என்று அறிவித்தது. வேதம் இறங்கிய சமுதாயம் இன்னும் ‘பிள்ளை சும்மா விளையாடுகிறான்’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

கதவைப் பூட்டி, ஜன்னலைத் திறந்து

அறிமுகமற்றவர் வாசலில் நின்று பிள்ளையிடம் பேசினால் யார் எவர் என்று விசாரிக்கிறோம். அதே பிள்ளை காதில் ஒலிபெருக்கியை மாட்டிக்கொண்டு முகம் தெரியாத ஆளுடன் இரவு பன்னிரண்டு மணிவரை பேசினால் விசாரிப்பதில்லை. ஃபோர்ட்நைட் விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனம், சிறுவர் தனியுரிமைச் சட்டத்தை மீறியதாக எழுந்த வழக்கில் 27.5 கோடி டாலர் அபராதம் செலுத்த 2022 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புக்கொண்டது. சிறுவர்களை அந்நியர்களுடன் இணைக்கும் குரல் உரையாடலும் எழுத்து உரையாடலும் தொடக்கத்திலேயே திறந்து வைக்கப்பட்டிருந்தன என்பது அவ்வழக்கின் முக்கியக் குற்றச்சாட்டு. பயனர்களை ஏமாற்றி வாங்கச் செய்ததாக எழுந்த மற்றொரு வழக்கில் 24.5 கோடி டாலரைத் திருப்பித் தரவும் அது இணங்கியது. பணத்திலும் பேச்சிலும் நம் பிள்ளைகளுக்கு வேலி போடுவது விற்பவரின் கவலை அன்று. அது நம் கடமை.

‘இஸ்லாமிய’ முத்திரை போதுமா?

பிறை படமும் பள்ளிவாசல் படமும் இருந்தால் நல்ல விளையாட்டு என்று நம்பிவிடுகிறோம். அரபு எழுத்துகளைக் கற்பிக்கும் செயலியில் பாடத்துக்கு நடுவே ரம்மி விளம்பரம் வந்ததை நாமே கண்டோம். பெயர் எதையும் ஹலால் ஆக்கிவிடாது. அது இயங்கும் முறையைத்தான் பார்க்க வேண்டும்.

இதற்கு மறுபக்கத்தில் ‘எல்லாமே ஹராம், தொடவே கூடாது’ என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடமும் நாம் முரண்படுகிறோம். பெருநாளன்று பள்ளிவாசலில் அபிசீனியர்கள் ஈட்டி விளையாடியதை நபி (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பார்த்து மகிழவும் இடம் கொடுத்தார்கள். விளையாட்டைப் பறித்துவிட்டு எதையும் தராத வீட்டில், பிள்ளை பக்கத்து வீட்டுக் கைப்பேசியில் ஒளிந்து ஆடும். அப்போது நமக்குத் தெரியவும் வராது.

மூன்று கேள்விகள்

ஒரு விளையாட்டைத் தரும் முன் மூன்றே கேள்விகள்: இது பணம் கேட்கிறதா? அந்நியர் இதில் பேச முடியுமா? தொழுகை நேரம் வந்தால் நிறுத்த முடியுமா?

இவற்றில் தேறுபவை இருக்கவே செய்கின்றன. சிறு குழந்தைகளுக்கு ஜிகாம்ப்ரி: இலவசம், விளம்பரம் இல்லை, இணையமின்றியும் இயங்கும். சற்று வளர்ந்தவர்களுக்கு ஸ்கிராட்ச்: விளையாட்டை ஆடுவதோடு தாமே உருவாக்கவும் கற்கிறார்கள். மைன்கிராஃப்டைத் தனியாக, இணையத் தொடர்பின்றி ஆடலாம். பிறருடைய சர்வரில் சேரும்போதுதான் ஆபத்து. சதுரங்கம் குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அனுமதிப்போரும் பந்தயம் கூடாது, தொழுகை தவறக் கூடாது என்றே நிபந்தனை இடுகிறார்கள். அக்கருத்தை ஏற்போர் லிசெஸ் தளத்தைப் பார்க்கலாம். அதன் சிறுவர் முறையில் உரையாடல் அடைக்கப்பட்டிருக்கும்.

கைப்பேசியிலும் சில வேலைகள் உள்ளன. பிளே ஸ்டோரில் ஒவ்வொரு கொள்முதலுக்கும் கடவுச்சொல் கேட்குமாறு அமையுங்கள். வயதுக் குறியீட்டைப் பாருங்கள். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். அது விளையாட்டின் காட்சிகளை அளக்கிறது. அந்நியர் என்ன பேசுவார் என்பதை அளப்பதில்லை. ரகசிய எண்ணைப் பிள்ளையிடம் சொல்லாதீர்கள். கைப்பேசி கூடத்தில் இருக்கட்டும், படுக்கையறைக்குப் போக வேண்டாம். வாரம் ஒருமுறையேனும் அருகில் அமர்ந்து நீங்களும் ஆடுங்கள். அரை மணி நேரத்தில் அந்த விளையாட்டின் குணம் தெரிந்துவிடும்.

சோறு ஊட்டவும் அழுகையை நிறுத்தவும் முதன்முதலில் கைப்பேசியை நீட்டியது நம் கைதான். ஒவ்வொருவரும் தம் பொறுப்பில் உள்ளோர் குறித்து விசாரிக்கப்படுவர் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அன்று பதில் சொல்ல வேண்டியவர்கள் விளையாட்டு நிறுவனத்தார் மட்டுமல்லர், நாமும்தான்.

நம் பிள்ளைகள் எனும் அமானிதத்தைப் பேணிக்காக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.