பட்சிராஜன் தோற்றது நியாயமா?



‘2.0’ படத்தை டி.வி.யில் எத்தனை தடவை போட்டாலும் நாம பார்ப்போம். சிட்டி வந்தா விசில் அடிப்போம். நானும் அடிச்சிருக்கேன். ஆனால் போன வாரம் மறுபடி பார்க்கும்போது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இந்தப் படத்துல வில்லன் கேட்ட கேள்விக்கு ஹீரோ பதில் சொன்னாரா? அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வில்லன் என்றால் எப்படி இருப்பான்? இதைச் சொல்ல நம்ம சேலத்துக்குத் தகுதி உண்டு. ஏற்காடு ரோட்டில் இருந்த மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-ல் எடுத்த படம் ‘மந்திரி குமாரி’. எம்.ஜி.ஆர். ஹீரோ. வில்லன் பார்த்திபனாக எஸ்.ஏ. நடராஜன். கொள்ளையடிப்பதும் ஒரு கலைதான் என்று வாதாடுவான் அந்தப் பார்த்திபன். பேச்சு இனிக்கும், ஆனா எல்லாமே அவனோட சுயநலத்துக்கு. அவன் செத்தா நமக்கு வருத்தமே வராது. நம்ம சினிமாவில் பல வில்லன்கள் இந்த ரகம்தான். பணம், பதவி, பழிவாங்கல்.

2010-ல் ஷங்கர் எடுத்த ‘எந்திரன்’ படத்திலும் சிகப்பு சிப் வச்ச சிட்டி கெட்டவனாக மாறினது சனாவுக்காக. ஆனா 2018 நவம்பர் 29-ல் வந்த இரண்டாம் பாகத்தில், அட்சய் குமார் நடித்த பட்சிராஜன் தனக்காக எதையுமே கேட்கவில்லை. வெள்ளைத் தாடியும் மூக்குக் கண்ணாடியுமாக அவரைப் பார்த்தா எனக்குப் பறவையியல் அறிஞர் சலீம் அலி ஞாபகம்தான் வரும்.

ஒரு நிமிஷம் அவர் இடத்தில் நின்று பார்ப்போம். அவர் பேசினால் இப்படித்தான் பேசுவார் என்பது என் கற்பனை:

“நான் பறவைகளைப் பற்றிப் பாடம் நடத்தின வாத்தியார். என் கண் முன்னாடியே பறவைங்க செத்து விழுந்துச்சு. மனு கொடுத்தேன். சிரிச்சாங்க. போராட்டம் பண்ணினேன். போலீஸ் வந்துச்சு. கோர்ட்டுக்குப் போனேன். தோத்தேன். நின்னு கேக்க ஒரு ஆள் இல்ல. எல்லாரும் கையில செல்லை வச்சுக்கிட்டு என்னைத் தாண்டிப் போனாங்க. உயிரோட இருந்தப்ப என் பேச்சைக் கேக்காதவங்க, நான் ராட்சசப் பறவையா வந்ததும் கேட்டாங்களே, ஏன்?”

இந்தக் கடைசிக் கேள்விதான் என்னைத் தூங்கவிடல. நல்லவரா இருந்தப்ப யாரும் கண்டுக்கல. வில்லன் ஆனதும் மந்திரி, மிலிட்டரி எல்லாம் ஓடி வந்தாங்க.

இன்னொன்னு. கிளைமாக்ஸை ஞாபகப்படுத்திப் பாருங்க. குட்டி ரோபோக்கள், அதாவது 3.0, புறா மேல ஏறி வருதுங்க. பட்சிராஜன் விடலைன்னா புறாக்களைக் கொன்னுடுவோம்னு மிரட்டுதுங்க. பறவைக்காக வாழ்ந்த மனுஷனைப் பறவையைப் பணயம் வச்சு ஜெயிக்கிறாங்க! அந்த இடத்தில் தியேட்டர் முழுக்கக் கைதட்டல் கேட்டிருக்கும். என்னைக் கேட்டா, அங்கே ஹீரோ வில்லனாகவும் வில்லன் ஹீரோவாகவும் மாறிட்டாங்க. பறவை சாகக்கூடாதுன்னு பின்வாங்கினது பட்சிராஜன்தானே?

அப்படின்னா அவர் செஞ்சதெல்லாம் சரியா? இல்லவே இல்லை. ஆட்களைக் கொன்றது பெரிய பாவம். தன் உயிரை மாய்த்துக்கொண்டது அதைவிடப் பெரிய நஷ்டம். அவர் உயிரோட இருந்திருந்தா நாலு பசங்களுக்காவது பறவை பார்க்கக் கற்றுக் கொடுத்திருப்பார். இது ஒரு பக்கம். அவரோட கணக்கே தப்பு என்பது இன்னொரு பக்கம்.

செல்போன் கதிர்வீச்சு குருவியைக் கொல்லுதுன்னு நாம எல்லாரும் நம்பறோம். படம் வரும் சமயத்தில் செல்போன் கம்பெனிகளின் சங்கமே தணிக்கை வாரியத்திடம் புகார் கொடுத்தது. கம்பெனிக்காரங்க சொன்னா நம்ப வேண்டாம், சரி. பறவை ஆராய்ச்சியாளர்கள் சொல்றதைப் பார்ப்போம். 2020-ல் வந்த ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கைப்படி, சிட்டுக்குருவி நாடு முழுக்கப் பார்த்தால் 25 வருஷமாகப் பெரிய மாற்றம் இல்லாமல் இருக்கிறது. பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது. அதுக்கு டவர்தான் காரணம் என்பதற்கும் உறுதியான ஆதாரம் இல்லை. குருவிக் குஞ்சுக்குப் பூச்சி வேணும், கூடு வைக்க சந்து வேணும். ஓட்டு வீடு போய் தளம் போட்ட வீடு வந்தா சந்து எங்கே? மருந்து அடிச்ச காட்டில் பூச்சி எங்கே? எங்க தெருப் பக்கத்து டவரிலேயே காக்கா கூடு கட்டியிருக்கு, நீங்களும் அண்ணாந்து பாருங்க.

டவரால் பறவை சாவதே இல்லையா என்றால், சாகிறது. ஆனால் வேற விதமாக. அமெரிக்கா, கனடா இரண்டு நாடுகளிலும் உயரமான கோபுரங்களிலும் அதன் இழுவைக் கம்பிகளிலும் மோதியே வருஷத்துக்குச் சுமார் 68 லட்சம் பறவைகள் சாவதாக 2012-ல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலும் ராத்திரியில், விளக்கு வெளிச்சத்தில் திசை தெரியாமல்.

நிஜமான வில்லன் சில சமயம் நம்ம கண்ணுக்கே தெரியாது. 1990-களில் இந்தியாவில் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. ஒரு வகையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்தது. டவர், மந்திரம், சாபம் எதுவும் காரணம் இல்லை. மாட்டுக்கு வலிக்குப் போடும் டைக்ளோபெனாக் மருந்து! அந்த மாடு செத்த பிறகு அதைத் தின்ற கழுகுக்குக் கிட்னி கெட்டுச் சாவு. 2004-ல் கண்டுபிடித்தார்கள், 2006-ல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். தமிழ்நாட்டில் இப்போது முதுமலை, மாயாறு பக்கம்தான் அவை மிச்சம் இருக்கின்றன. அன்னைக்கு எல்லாரும் தப்பான வில்லனைத் துரத்திட்டு இருந்திருந்தா, அந்த மிச்சமும் போயிருக்கும்.

பட்சிராஜன் மாதிரியே பறவைக்காகக் கவலைப்பட்டு ஜெயித்தவர்களும் உண்டு. ரேச்சல் கார்சன் என்ற அமெரிக்க அம்மையார் 1962-ல் டி.டி.டி. பூச்சிமருந்தால் பறவைகள் சாவதைப் புத்தகமாக எழுதினார். கம்பெனிகள் கேலி செய்தன. அவர் 1964-ல் நோயால் இறந்துவிட்டார். ஆனால் அவர் சேர்த்த ஆதாரம் சாகவில்லை. 1972-ல் அங்கே டி.டி.டி. தடை ஆனது. சலீம் அலி சின்ன வயசில் ஏர்கன்னால் ஒரு குருவியைச் சுட்டவர். அது என்ன குருவி என்று விசாரிக்கப் போனவர்தான் கடைசியில் பரத்பூர் சரணாலயத்துக்கும் சைலன்ட் வேலிக் காட்டுக்கும் குரல் கொடுத்தார். இவங்க யாரும் ராட்சசப் பறவையா மாறல. நோட்டும் பேனாவும் எடுத்தாங்க.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். நம்ம பனமரத்துப்பட்டி ஏரி ஒரு காலத்தில் சேலம் டவுனுக்கே குடிதண்ணீர் கொடுத்த ஏரி. இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் பரப்பு. தண்ணி வற்றி, சீமைக்கருவேலம் மண்டி எத்தனை வருஷம் கிடந்தது! அந்தக் கருவேலத்தையும் நாம வில்லன்னுதான் சொல்றோம். அது தானா நடந்து வரல, விறகுக்கு ஆகும்னு மனுஷன்தான் கொண்டு வந்து விதைச்சான். தண்ணி இருந்தா கொக்கும் நாரையும் தானா வரும். தண்ணியில்லாத ஏரிக்கு எந்தப் பறவை வரும்? இதுக்கு எந்த டவரைக் குத்தம் சொல்றது?

அதனால் நண்பர்களே, என் கருத்து இதுதான். பட்சிராஜன் கேட்ட கேள்வி சரி, சொன்ன பதில் தப்பு, செய்த வழி ரொம்பத் தப்பு. ஆனா கேள்வியைக் கேட்காமலே இருந்த நாம அவரைவிட நல்லவங்கன்னு சொல்லிக்க முடியாது.

தமிழ்நாட்டில் 2015-லிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. ஒரு இடத்தில் 15 நிமிஷம் நின்று என்ன பறவை, எத்தனை என்று எழுதினால் போதும். பைனாகுலர் கட்டாயம் இல்லை. வரும் பொங்கலுக்கு நம்ம பள்ளிக்கூடத்திலிருந்தும் ஒரு குழு ஏரிக்கரைக்குப் போகலாமா? அறிவியல் ஆசிரியர் அனுமதி தந்தால் கூட வர நான் ரெடி. பெயர் தெரியாத பறவையை வரைந்து இந்தச் சுவரிலேயே ஒட்டுவோம். தெரிந்தவர்கள் கீழே பெயர் எழுதட்டும்.

ஒரு பட்சிராஜன் வில்லனாக மாறுவதற்கு முன்னாடியே அவர் பேச்சைக் கேட்கிற ஊராக நம்ம ஊர் இருக்கட்டும்.



— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவன்

(மாற்றுக் கருத்து இருந்தால் எழுதி வகுப்புத் தலைவரிடம் கொடுங்கள். அடுத்த தாளில் ஒட்டப்படும். சிட்டி ரசிகர்கள் கோபிக்க வேண்டாம்!)