மார்கழிக் குளிரும் மாதக் கடைசியும்



பெங்களூரில் குடியேறி வாழும் நம்மவருள் பெரும்பாலோர்க்கு ஊதியம் கைக்கு வந்த அன்றே அதன் பெரும்பகுதி வீட்டுச் சொந்தக்காரரிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. குடிபுகும்போது பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் வழக்கம் இவ்வூரில் நெடுங்காலமாக இருந்து வருவதை நீங்கள் அறிவீர்கள். அதற்காக வாங்கிய கடனுக்கு வட்டி, பிள்ளைகளின் பள்ளிச் சம்பளம், பேருந்துக் கட்டணம் ஆகிய இவற்றுள் ஒன்றையும் நாம் நினைத்தபடி குறைக்க இயலாது. குறைக்கக்கூடியது என்று மிஞ்சுவது அடுப்படிச் செலவு ஒன்றே. இருபதாம் தேதி கழிந்துவிட்டால் எல்லாருடைய கண்ணும் அதன்மேலேயே விழுகிறது.

அங்கே எதைக் குறைக்கிறோம் என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்குக் குறைவதில்லை, வேலைக்குச் செல்பவருக்குக் குறைவதில்லை. எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காருகிறாளே, அந்தத் தாயின் தட்டில்தான் குறைகிறது. “காய் தீர்ந்துவிட்டது, எனக்கு ஊறுகாய் போதும்” என்று அவளே சொல்லிவிடுவதால், அது வீட்டில் ஒருவருக்கும் தெரிவதுமில்லை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர்கள். ஒரு கணக்கில் வந்த குறையை வேறொரு கணக்கில் ஏற்றி எழுதிவிட்டு, அதைச் சேமிப்பு என்று காட்டினால், எங்கள் இரயில்வே அலுவலகத் தணிக்கையாளர் ஒப்புவாரா? வீட்டுக் கணக்கிலும் நாம் அதனை ஒப்பலாகாது.

ஆகவே, யாருடைய தட்டையும் தொடாமல் எங்கெல்லாம் மிச்சம் பிடிக்கலாம் என்பதை இத்திங்கள் எழுதுகிறேன். நம் வீடுகளில் வீணாவதிற் பாதி, சொந்த ஊர் வழக்கத்தை இந்தக் குளிர்ந்த ஊரிலும் அப்படியே நடத்த முயல்வதால் வருவது என்பது என் கருத்து.

இட்லி மாவையே எடுத்துக் கொள்ளுங்கள். தஞ்சையிலோ மதுரையிலோ இரவில் ஆட்டி வைத்த மாவு விடிவதற்குள் பொங்கி மூடியைத் தள்ளும். பெங்களூரோ கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் இரவு வெப்பம் 15, 16 டிகிரிக்கு இறங்கிவிடும். மாவைப் புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்கு உகந்த வெப்பமோ 30 டிகிரி அளவு. விடியற்காலையில் பார்த்தால் மாவு வைத்தபடியே கிடக்கும். அதை ஊற்றினால் இட்லி கல்லாகும், பிள்ளைகள் ஒதுக்கிவிடுவார்கள். உடனே கடைக்கு ஓடிப் பொட்டல மாவு வாங்குகிறோம். ஒரே காலையில் இரண்டு செலவு.

இதற்கு உபாயம் எளிது. குளிர்காலத்தில் நான்கு ஆழாக்குப் புழுங்கலரிசிக்கு ஓர் ஆழாக்கு உளுந்து என்ற அளவோடு இன்னும் ஒரு கைப்பிடி உளுந்தும், ஒரு சிறு கரண்டி வெந்தயமும் சேர்த்து ஊறவையுங்கள். ஆட்டும்போது ஒரு கைப்பிடிப் பழைய சோறு சேர்த்தால் நல்லது. அரைப்பதற்கு வெதுவெதுப்பான நீரை விடுங்கள். உப்பு மிகுந்தால் புளிப்பு தாமதமாகும். ஆதலால் பாதி உப்பை இரவிலும் மீதியைக் காலையிலும் சேர்க்கலாம். கையாலேயே கலக்குங்கள். பிறகு மாவுப் பாத்திரத்தைச் சுடுநீர் ஊற்றிய அகன்ற அண்டாவினுள் வைத்து, பழைய கம்பளியாலோ சாக்காலோ போர்த்தி, சாளரத்திற்கு எட்ட வைத்துவிடுங்கள். நீர் கொதிக்கக் கூடாது. கை பொறுக்கும் சூடு போதும். மாலை ஐந்து மணிக்கே ஆட்டி வைப்பது மிகவும் உத்தமம். இரவுப் பணி முடிந்து விடியலில் வீடு திரும்பும் எனக்கு, போர்வையின் கீழ் மாவு பொங்கியிருப்பதைக் காண்பதே ஒரு தனி மகிழ்ச்சி.

மாவு புளிக்கவே இல்லையென்றால் ரவை இட்லி இருக்கவே இருக்கிறது. அது இவ்வூரின் கண்டுபிடிப்பே. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானபின் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. அந்தப் போர்க்கால அரிசிப் பஞ்சத்தில், 1924இல் தொடங்கிய மாவள்ளி டிபன் ரூம் என்னும் உணவகத்தார் அரிசிக்குப் பதிலாக ரவையைக் கொண்டு இட்லி செய்து பார்த்ததாகச் சொல்லுகிறார்கள். முந்திரியும் நெய்யும் இல்லாமலே வீட்டில் செய்யலாம். ஓர் ஆழாக்கு ரவையைச் சிவக்காமல் வறுத்து, கடுகு, கடலைப்பருப்பு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி, ஓர் ஆழாக்குப் புளித்த தயிரும் உப்பும் சேர்த்துக் கால்மணி நேரம் ஊறவிடவும். இறுகினால் சிறிது நீர் விடலாம். தட்டில் ஊற்றுமுன் ஒரு சிட்டிகை சமையற்சோடா போதும். மாதக் கடைசியில் மிஞ்சிப் புளித்துப்போன தயிருக்கு இதைவிட நல்ல கதி இல்லை.

இனி எரிவாயு. உயரம் கூடக் கூட நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். சென்னையில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர் இங்கே ஏறத்தாழ 97 டிகிரியில் கொதிக்கிறது. மூன்று டிகிரிதானே என்று எண்ண வேண்டாம். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகும் நேரத்தில் அந்த வேற்றுமை தெரியும். ஆழ்குழாய்க் கிணற்றின் கடின நீரில் வேகவைத்தாலோ பருப்பு இன்னும் பிடிவாதம் செய்யும். உங்கள் வீட்டில் காவிரி நீரும் கிணற்று நீரும் தனித்தனியே வருமானால், பருப்பை ஊறவைக்கவும் வேகவைக்கவும் காவிரி நீரையே வைத்துக்கொள்ளுங்கள். அரைமணி ஊறிய பருப்பைப் பிரஷர் குக்கரில் ஏற்றி, முதல் விசில் வந்தவுடன் தீயைச் சிறிதாக்கிவிட வேண்டும். விசில் என்பது நாம் விலை கொடுத்து வாங்கிய வெப்பம் காற்றிற் போகும் ஓசை. ஆறு விசில், ஏழு விசில் என்று எண்ணிக்கொண்டிருப்பதில் ஒரு பயனும் இல்லை. அடுப்பை அணைத்தபின் ஆவியைத் தூக்கி விடாமல் தானே அடங்க விட்டால் அந்தச் சூட்டிலும் பருப்பு வேகும். விரைவில் வேக வேண்டுமென்று பருப்பிற் சோடா போடுவது வேண்டாம். அது பி1 உயிர்ச்சத்தை அழித்துவிடும்.

காவிரி நீர் என்றேன். 1974 முதல் அது நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேட்டில் ஏற்றப்பட்டு இவ்வூருக்கு வருகிறது. 2024ஆம் ஆண்டுக் கோடையில் குடிநீரால் வண்டி கழுவியவர்களுக்கு 5,000 ரூபாய் அபராதம் விதித்தார்கள். அரிசி களைந்த நீரைக் கொட்டாமல் புளி ஊறவைக்கவோ துளசிக்கு ஊற்றவோ பயன்படுத்துமாறு நம் பாட்டிமார் பழக்கியதை இங்கும் கைவிட வேண்டாம்.

அடுத்தது தானியம். நம் வீடுகளில் மூன்று வேளையும் அரிசிதான். விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பும்போது மூட்டையாக அரிசி கொண்டு வருவோரை நாள்தோறும் நிலையத்தில் காண்கிறேன். இரண்டாம் வகுப்புப் பயணி 35 கிலோ வரை கட்டணமின்றிக் கொண்டுவர விதியில் இடமுண்டு. சொந்த வயலின் நெல்லானால் கொண்டு வாருங்கள். ஊர்க் கடையில் வாங்கிச் சுமப்பதானால், சுமைகூலியையும் ஆட்டோக் கட்டணத்தையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்த பிறகு சுமக்கலாம்.

கேழ்வரகோ இங்கேயே விளைகிறது. இந்தியாவில் அதை மிகுதியாக விளைவிப்பது கருநாடகமே. இந்திய வகைகளையும் ஆப்பிரிக்க வகைகளையும் கலந்து ‘இண்டாஃப்’ என்னும் புதிய வகைகளை உண்டாக்கி விளைச்சலைப் பெருக்கியவர், மண்டியாவில் பணியாற்றிய இலட்சுமணையா என்னும் அறிஞர். அவரை ‘ராகி இலட்சுமணையா’ என்றே மக்கள் அழைத்தனர். நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம்கூடத் தேறாது. ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அதன்பின் பெரிய கடைகளில் கேழ்வரகுப் பண்டங்கள் பளபளக்கும் உறைகளில் விலை உயர்ந்து நிற்கின்றன. அவற்றின் பக்கம் போகாதீர்கள். தானியமாக வாங்குங்கள். ‘களி உண்பது ஏழைமையின் அடையாளம்’ என்று ஊரில் வளர்ந்த எண்ணம் சிலருக்கு இன்னும் போகவில்லை. இங்கே அமைச்சர் வீட்டிலும் முத்தே உருட்டுகிறார்கள் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.

ஒரு கிலோ கேழ்வரகைக் கல் நீக்கிக் களைந்து, ஓரிரவு ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து தொங்கவிடுங்கள். வெயிற்காலத்தில் ஒரு நாளில் முளைக்கும். இப்போது இரண்டு நாள் ஆகும். துணி உலராமல் நீர் தெளிக்க வேண்டும். முளை கண்டபின் நிழலில் நன்றாக உலர்த்தி, வெறும் வாணலியில் மணம் வரும் வரை இளந்தீயில் வறுத்து, கையால் தேய்த்து முளையை ஊதிவிட்டு மாவு மில்லில் திரித்துக் கொள்க. முளைகட்டுவதனால் அதிலுள்ள இரும்பும் சுண்ணாம்பும் உடம்பில் எளிதாகச் சேரும். இரண்டு கரண்டி மாவைக் குளிர்ந்த நீரிற் கரைத்துக் கொதிக்கும் நீரில் ஊற்றிக் கிளறினால் கஞ்சி. மோரும் உப்பும் விட்டால் பெரியவர்களுக்கு, வெல்லமும் பாலும் விட்டால் பிள்ளைகளுக்கு. வெங்காயமும் முருங்கைக்கீரையும் சேர்த்துத் தட்டினால் அடை. அடைக்கு முளைகட்டாத மாவே நன்றாக வரும். உண்ணும்போது எலுமிச்சம்பழம் ஒரு மூடி பிழிந்துகொண்டால் கீரையின் இரும்புச்சத்து வீணாகாது. உண்டவுடன் காப்பி குடிப்பதைத் தாய்மார்கள் ஒரு மணி நேரம் தள்ளிவைக்க வேண்டும். காப்பியும் தேநீரும் அச்சத்தை உடம்பிற் சேரவிடாமல் தடுப்பவை. ஒரு காசும் செலவில்லாத மருந்து இது.

இப்போது அவரைப் பருவம். புதிதாகக் குடிவந்தோர் சந்தையில் ‘அவரேகாய்’ கேட்டுவிட்டு, மொச்சை போன்ற ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து விழிப்பதுண்டு. நாம் பொரியலுக்கு நறுக்கும் தட்டை அவரைக்கு இங்கே ‘சப்பரத அவரே’ என்று பெயர். அவரேகாய் என்பது விதைக்காக உரிப்பது. மாகடியிலிருந்தும் கோலாரிலிருந்தும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். சனவரியில் பசவனகுடிப் பக்கம் இதற்கெனவே ஒரு திருவிழாச் சந்தை கூடுகிறது. காயைத் தொட்டால் விரலில் எண்ணெய்போல் ஒட்டி மணக்க வேண்டும். அம்மணத்தைச் ‘சொகடு’ என்பர் கன்னடர். மணமில்லாத காயை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

உரித்த விதையை ஓரிரவு நீரில் ஊறவைத்து, இரு விரலால் பிதுக்கினால் தோல் கழன்று பருப்பு துள்ளி விழும். நம் வடார்க்காடு, கிருட்டிணகிரிப் பக்கத்தார் இதனைப் பிதுக்குப் பருப்பு என்பார்கள். கன்னடத்தில் ‘ஹிதுகித பேளே’. பாலை ஹாலு என்றும் பல்லை ஹல்லு என்றும் சொல்பவர்கள், பிதுக்கியதை ஹிதுகித என்பதில் வியப்பில்லை. சொல்லும் பண்டமும் நமக்குப் புதியவையல்ல. கடையில் பிதுக்கி விற்பதை வாங்கினால் கூலியும் சேர்ந்து விலையாகும். மாலையில் வீட்டார் அனைவரும் தட்டைச் சுற்றி உட்கார்ந்தால் அரைமணி வேலை. ஆண்மக்களும் உட்காரலாம், விரல் தேய்ந்துவிடாது.

பிதுக்கிய பருப்பை மஞ்சள்தூள் சேர்த்து வேகவைக்கவும். ஒரு கரண்டி கொத்துமல்லி விதை, நான்கு மிளகாய், பத்துச் சின்ன வெங்காயம், இரண்டு பல் பூண்டு ஆகியவற்றை வதக்கி அரைக்கவும். தேங்காய் அரை மூடி என்று கணக்குச் சொல்வார்கள். நான் சொல்வது ஒரு சில்லு. வெந்த பருப்பில் ஒரு கைப்பிடியை எடுத்து மசித்து அரைப்போடு கலந்தால் தேங்காயின் கொழுமை தானே வந்துவிடும். நெல்லிக்காயளவு புளி கரைத்துவிட்டுக் கொதிக்கவைத்து இறக்கவும். களிக்கு இதைவிடப் பொருத்தமான குழம்பு இல்லை. களியை மெல்லாமல் குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும் என்று பக்கத்து வீட்டு அஜ்ஜி எங்களுக்குக் கற்பித்தார். மென்றால் பல்லில் ஒட்டுமே தவிர ருசி தெரியாது.

மற்றக் காய்களுக்கு, 1959இல் திராட்சை பயிரிடுவோர் கூட்டுறவுச் சங்கமாகத் தொடங்கிய ஹாப்காம்ஸ் கடை உங்கள் தெருவில் இருந்தால், தள்ளுவண்டிக்காரரிடம் பேரம் பேசுமுன் அங்குள்ள விலைப்பலகையைப் பார்த்துக்கொள்வது நல்லது.

கடைசியாக, நம்மூரில் பெங்களூர்க் கத்தரிக்காய் என்று பெயர்பெற்ற சௌசௌ. அதன் தோலைச் சீவி எறிவது பல வீடுகளில் வழக்கம். நன்றாகக் கழுவிச் சீவிய தோலை ஒரு கரண்டி எண்ணெயில் நிறம் மாறும்வரை வதக்குங்கள். ஒரு கரண்டி உளுந்து, மூன்று மிளகாய், சிறிது பெருங்காயம் வறுத்து, புளி, உப்புடன் சேர்த்துக் கரகரப்பாக அரைத்தால் துவையல். தேங்காய் வேண்டுவதில்லை. தோல் நன்றாக வதங்காவிட்டால் பச்சை வாடை நிற்கும். ஆகவே அவசரப்படாமல் வதக்க வேண்டும். சூடான சோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து, அன்று ஒருநாளாவது வீட்டுத்தலைவியை முதலில் உட்காரவைத்துப் பரிமாறுங்கள். துவையல் அளவாகத்தான் இருக்கும்.