மென்பொருள் ஊழியருக்கும் சட்டம் உண்டு

தந்தை எண்ணூர், திருவொற்றியூர்த் தொழிற்சாலைகளில் உழைக்க, பிள்ளைகள் பழைய மகாபலிபுரம் சாலை மென்பொருள் நிறுவனங்களுக்குப் போகும் குடும்பங்கள் வடசென்னையில் உண்டு. ஒரே வீட்டுக்குள் இருவருக்கும் சட்டப் பாதுகாப்பு ஒன்றல்ல. 300 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் கொண்ட தொழிற்சாலை, ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி பெற வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு இந்த விதியைத் தொழிற்சாலை, சுரங்கம், தோட்டங்களோடு நிறுத்திக்கொண்டது. ஆயிரக்கணக்கானோர் வேலை செய்தாலும் மென்பொருள் அலுவலகம் இதில் சேராது. இது நியாயமான பாகுபாடு அல்ல.

அதற்காகப் பாதுகாப்பே இல்லை என்பதும் தவறு. டி.சி.எஸ். ஆட்குறைப்புச் சர்ச்சை சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்ற பின், 2016-இல் தமிழக அரசு ஒன்றைத் தெளிவுபடுத்தியது: தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்குத் தொழிலாளர் சட்டங்களிலிருந்து விலக்கு இல்லை, ஊழியர்கள் சங்கம் அமைக்கலாம். 1918-லேயே பெரம்பூர் ஆலைத் தொழிலாளர் சங்கம் கண்ட நகரில் இதற்கு இவ்வளவு காலம் ஆனது வியப்புதான். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆம் பிரிவும், ஆறு மாதம் தொடர்ந்து பணியாற்றியவரைத் தக்க காரணமும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான ஊதியமோ இன்றி நீக்கத் தடை விதிக்கிறது; மேல்முறையீட்டுக்கும் வழி தருகிறது.

நிர்வாகங்கள் பெரும்பாலும் நீக்குவதில்லை. ராஜினாமாக் கடிதம் கேட்கின்றன. அதில் கையெழுத்திட்டவருக்கு மேற்சொன்ன பாதுகாப்பு ஏறக்குறைய கைநழுவிவிடும். கட்டாய ராஜினாமாவைப் பணிநீக்கமாகவே கருதி விசாரிக்கத் தொழிலாளர் துறை முன்வர வேண்டும்.

– வாசகர், ராயபுரம்