எதிர்நீச்சல் மட்டும் போதுமா?



தன்முனைப்பு உரைகளிலும் பள்ளிச் சபைகூடல்களிலும் அடிக்கடி மேடையேறும் ஒரு மீன் உண்டு. அது சால்மன். “ஆற்று வெள்ளத்தை எதிர்த்து நீந்தி, அருவியைத் தாண்டி, பிறந்த இடத்தை அடைகிறது. ஒரு மீனால் முடியும் என்றால் உன்னால் முடியாதா?” என்று மாணவரை நோக்கிக் கேட்கப்படுகிறது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆயினும், அந்த மீனின் வரலாற்றை முழுமையாகப் படிப்பவர்கள் இக்கேள்வியை இவ்வளவு எளிதாகக் கேட்கமாட்டார்கள் என்பது என் கருத்து. அதற்கான காரணங்களை இங்கே முன்வைக்க விரும்புகிறேன்.

முதலில் அதன் வாழ்க்கையைச் சுருக்கமாகப் பார்ப்போம். வட பசிபிக் பகுதியின் சால்மன்கள் குளிர்ந்த ஆறுகளின் கூழாங்கற்களுக்கிடையே பிறக்கின்றன. பெண் மீன் வாலால் குழி தோண்டி முட்டையிட்டு மூடுகிறது. குஞ்சுகள் சில காலம் நன்னீரில் வளர்ந்து, உப்புநீரைத் தாங்கும் வகையில் உடல் மாறிய பின் கடலுக்குச் செல்கின்றன. சில ஆண்டுகள் கழித்து, பிறந்த ஓடையின் நீருக்கே உரிய மணத்தை அடையாளங்கண்டு அதே ஆற்றுக்குத் திரும்புகின்றன. நன்னீரில் நுழைந்தபின் அவை உண்பதில்லை. உடலில் சேர்த்து வைத்த கொழுப்பே பயணச் செலவு. முட்டையிட்டதும் பசிபிக் சால்மன்களில் பெரும்பாலானவை இறந்துவிடுகின்றன. ஆக, ஒவ்வொரு மீனுக்கும் வாய்ப்பு ஒருமுறைதான்.

நமது அறிவியல் பாடத்தில் விலங்குகளின் நீடுநிலவலைக் கற்பிக்கிறோம். ‘அதிக முட்டைகள் இடுதல்’ என்று மாணவர்கள் விடை எழுதுகிறார்கள். நாமும் சரி என்று குறியிடுகிறோம். அந்த விடை பிழையன்று. ஆனால் பாதி விடைதான். ஒரு பெண் சால்மன் ஏறத்தாழ 3,000 முட்டைகள் இடுவதாகக் கொள்வோம். அவற்றிலிருந்து இரண்டு மீன்கள் மட்டுமே வளர்ந்து, திரும்பி வந்து, இனப்பெருக்கம் செய்தாலும் அவ்வினம் குறையாமல் நிற்கும். இரண்டு ஒன்றாகக் குறைந்தால், ஒரு தலைமுறையில் பாதி அழிந்துவிடும். 3,000 என்ற பெரிய எண்ணுக்குப் பின்னால் இவ்வளவு மெல்லிய நூலில் ஓர் இனம் தொங்குகிறது என்பதை மாணவர்கள் தாமே கணக்கிட்டு அறிய வேண்டும்.

இனி ஹெல்ஸ் கேட் நிகழ்ச்சிக்கு வருவோம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஓடும் ஃபிரேசர் ஆறு அவ்விடத்தில் குறுகிய பாறை இடுக்கில் பாய்கிறது. சாக்கை எனப்படும் செந்நிறச் சால்மன்கள் பல ஆயிரம் ஆண்டுகளாக அதனைக் கடந்து சென்றன. 1913-இல் இரயில்பாதை அமைத்தவர்கள் வெடித்த பாறைகள் ஆற்றில் விழுந்தன. 1914-இன் தொடக்கத்தில் பெரிய பாறைச் சரிவும் ஏற்பட்டது. வழி மேலும் சுருங்கியது. நீரின் வேகம் கூடியது. எண்ணற்ற மீன்கள் இடுக்கின் கீழே குவிந்து, மீண்டும் மீண்டும் மோதி, முட்டையிடாமலே மடிந்தன. சால்மனையே உணவாகக் கொண்டிருந்த மேல்நதிப் பழங்குடி மக்கள் பசியைச் சந்தித்தார்கள்.

அந்த மீன்களிடம் முயற்சி குறைவாக இருந்ததா? இல்லை. முந்திய தலைமுறை மீன்களைப் போலவே அவையும் நீந்தின. மாறியது மீனன்று, ஆறு. மாற்றியவன் மனிதன்.

அடுத்து நடந்ததுதான் ஆசிரியர்களாகிய நாம் ஆழ்ந்து கவனிக்க வேண்டியது. 1930களின் இறுதியில் வில்லியம் தாம்சன் என்னும் அறிவியலாளரின் தலைமையில் ஆய்வாளர்கள் மீன்களுக்கு அடையாள வில்லைகள் பொருத்தி அவற்றின் பயணத்தைக் கண்காணித்தார்கள். ஆற்றின் நீர்மட்டம் குறிப்பிட்ட சில அளவுகளில் இருக்கும்போது மீன்களால் கடக்கவே இயலவில்லை என்பது தெரிய வந்தது. 1944-இல் மீன்வழிகள் கட்டும் பணி தொடங்கியது. 1946-இல் முக்கிய வழிகள் பயன்பாட்டுக்கு வந்தன. கான்கிரீட் சுவர்களும் அவற்றிடையே நீண்ட பிளவுகளும் கொண்ட அமைப்பு அது. நீரின் வேகத்தை உடைத்து, மீன்கள் இளைப்பாற அமைதியான இடங்களை உண்டாக்குகிறது.

“எல்லாவற்றையும் எளிதாக்கிக் கொடுத்தால் பிள்ளைகள் சோம்பேறிகள் ஆகிவிட மாட்டார்களா?” என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான ஐயம்தான். ஆனால் மீன்வழி எந்த மீனையும் தூக்கிச் செல்வதில்லை. மீன் தானே நீந்தித்தான் ஆக வேண்டும். முயற்சிக்குப் பலன் கிடைக்கும் நிலையை மட்டுமே அது உருவாக்குகிறது. குறைநீக்கல் போதனையின் பொருளும் இதுவே அல்லவா?

சில இடங்களில் வழி அமைத்தாலும் போதாது. தடையையே அகற்ற வேண்டியுள்ளது. அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்தில் எல்வா ஆற்றின் குறுக்கே 1913-இலும் 1927-இலும் இரண்டு அணைகள் கட்டி முடிக்கப்பட்டன. இரண்டிலும் மீன்கள் ஏறிச்செல்ல வழி வைக்கப்படவில்லை. அதற்கு ஈடாக ஒரு குஞ்சு பொரிப்பகம் அமைத்தார்கள். அதுவும் 1922-இல் கைவிடப்பட்டது. ஆற்றின் கடைசி எட்டுக் கிலோமீட்டர் அளவே மீன்களுக்கு எஞ்சியது. கீழ் எல்வா கிளாலம் பழங்குடியினர் பல்லாண்டு போராடினர். 2011-இல் தொடங்கிய அகற்றும் பணி 2014-இல் நிறைவுற்றது. மீன்கள் மேல் ஆற்றுக்குத் திரும்பின. 2023-இல் அம்மக்கள் தங்கள் ஆற்றில் சிறிய அளவில் மீண்டும் சால்மன் பிடித்தார்கள். ஒரு நூற்றாண்டு மூடிக் கிடந்த வழியை, திறந்தவுடன் மீன்கள் பயன்படுத்திக்கொண்டன. அவற்றுக்கு யாரும் தன்முனைப்பு உரை நிகழ்த்தவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. 2010-இல் ஏறத்தாழ 3 கோடிச் சாக்கை மீன்கள் ஃபிரேசர் ஆற்றை நோக்கி வந்தன. 2020-இலோ 3 இலட்சங்கூட வரவில்லை. யூக்கோன் ஆற்றின் சினூக் சால்மன் நிலை இன்னும் கவலைக்குரியது. பெரிங் கடலிலிருந்து அலாஸ்காவைக் கடந்து கனடாவின் மேல்நதிவரை ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் நீந்தும் மீன் அது. நீரின் வெப்பம் 18 பாகை செல்சியசைத் தாண்டினால் அதன் உடல் துன்புறத் தொடங்குகிறது. வெப்பம் கூடக்கூட நீரில் உயிர்வளி குறைகிறது. மீனின் தேவையோ கூடுகிறது. 2019-இன் கடும் கோடையில் யூக்கோனின் கிளை ஆறான கொயுக்குக்கில் நூற்றுக்கணக்கான சம் சால்மன்கள் முட்டைகளை வயிற்றில் சுமந்தபடியே இறந்து கிடந்தன. எவ்வளவு வலிமையான நீச்சலாலும் வெந்நீரை வெல்ல இயலாது.

2024-இல் அலாஸ்காவும் கனடாவும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. கனடாவில் பிறக்கும் யூக்கோன் சினூக் மீன்களைப் பிடிப்பதை ஏழு ஆண்டுகளுக்கு நிறுத்துவது என்பதே அது. இதன் சுமை ஆற்றங்கரைக் கிராமங்களின்மேல் விழுந்துள்ளது. கோடைதோறும் மீன் பிடித்து, புகையூட்டி, குளிர்காலத்துக்குச் சேமித்து, பிள்ளைகளுக்கும் அத்தொழிலைக் கற்றுக்கொடுத்த குடும்பங்கள் வலைகளை உலர வைத்திருக்கின்றன. மீன் மீள்வதற்காக மனிதர் விட்டுக்கொடுக்கின்றனர். இதையல்லவா நன்னெறிப் பாடத்தில் நாம் பேச வேண்டும்?

எனவே, ஆசிரிய நண்பர்களே, சால்மன் கதையைச் சொல்லுங்கள். வேண்டாம் என்று கூறவில்லை. ஆனால் முழுக்கதையையும் சொல்லுங்கள். ஹெல்ஸ் கேட்டில் விழுந்த பாறையையும், எல்வாவில் இடிக்கப்பட்ட அணையையும் சேர்த்துச் சொல்லுங்கள். நீடுநிலவல் என்பது விலங்கின் திறமை மட்டுமன்று, அதன் வாழிடத்தின் நிலையும்தான் என்று மாணவர்கள் உணரட்டும்.

பெற்றோர்களே, மதிப்பெண் அறிக்கையைக் கையில் எடுக்கும்போது “நீ முயற்சி செய்யவில்லை” என்ற சொற்கள்தாம் முதலில் நாவுக்கு வருகின்றன. அதற்குமுன், கரும்பலகை எழுத்து அவன் கண்ணுக்குத் தெரிகிறதா, கணக்கின் வாக்கியத்தை அவளால் வாசித்துப் புரிந்துகொள்ள முடிகிறதா, காலையில் பசியாறிவிட்டு வருகிறானா, இரவில் போதுமான உறக்கம் உண்டா என்று பாருங்கள். இதே கேள்விகளை ஆசிரியர்களும் கேட்டாக வேண்டும். எங்கள் வகுப்பிலும் நாங்களே அறியாமல் விழுந்த பாறைகள் இருக்கலாம். ஃபிரேசர் ஆற்றின் ஆய்வாளர்கள் மீனைக் கடிந்துகொள்ளவில்லை, நீரோட்டத்தை அளந்தார்கள். அளந்ததனால் எங்கே சுவர் எழுப்ப வேண்டும் என்று தெரிந்தது.

வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளுள் பலர் ஏற்கெனவே நீந்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். “இன்னும் வேகமாக நீந்து” என்று கரையில் நின்று கூவுவது எளிது. ஆற்றில் இறங்கிப் பாறையை நகர்த்துவது கடினம். நம் பணி இரண்டாவது என்றே நான் நம்புகிறேன். உங்கள் கருத்து என்ன?