மானியம் அப்புறம், மூலநிரல் முதலில்

மலேசியாவின் 2026 வரவு செலவுத் திட்டத்தில் இறையாண்மை ஏஐ மேகக் கணிமைக்கு 200 கோடி ரிங்கிட். அறிவிப்பு வந்ததுமே நம்மவர் கேட்பது ஒன்றுதான்: 'அதில் தமிழுக்கு எவ்வளவு?' கேட்க உரிமை இருக்கிறது. ஆனால் அந்த மேகத்தில் ஏற்ற நம் கையில் என்ன இருக்கிறது?

பிரிக்பீல்ட்ஸ் கடையில் 'அண்ணே, ரெண்டு ரொட்டி சானாய் தப்பாவ், சம்பல் தனியா' என்கிறோம். சென்னைக் குரல்களைக் கேட்டே பழகிய மென்பொருள் இதில் தடுமாறத்தான் செய்யும். பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் பேச்சைப் பதிந்து, எழுத்தில் வடித்து, யாரும் எடுத்தாளும் உரிமத்தோடு வெளியிட்ட தொகுப்பு போதிய அளவில் இல்லை. மொசில்லாவின் காமன் வாய்ஸ் தளத்தில் தமிழ் இருக்கிறது. கைப்பேசி ஒன்று இருந்தால் யாரும் குரல் கொடுக்கலாம். இதற்கு எந்த அமைச்சின் ஒப்புதலும் வேண்டாம்.

பணம் கொட்டினால் மென்பொருள் வாழும் என்பவர்கள் ஒன்பெஸ்தாரிநெட்டைப் பார்க்கட்டும். 10,000 பள்ளிகளுக்கு 407 கோடி ரிங்கிட் மதிப்பிலான இணையத் திட்டம். அதன் மெய்நிகர் கற்றல் தளத்தின் பயன்பாடு 0.01 முதல் 4.69 விழுக்காடு என்றது தலைமைக் கணக்காய்வாளரின் 2013 அறிக்கை. உச்சமே ஐந்தைத் தொடவில்லை! 2019இல் எல்லாம் முடிந்தது. தமிழ் நூல்களை மின்னாக்கும் மதுரைத் திட்டமோ 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரமும் உலகெங்கும் சிதறிக் கிடந்த தன்னார்வலர்களும் ஊதியமின்றித் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து ஏற்றிய நூல்களை இன்றும் படிக்கிறோம். எனக்கு இந்த ஒரு கணக்கே போதும்.

நாம் செய்வது என்ன? முதலில் இயக்கம் பதிவாகிறது. தலைவர், துணைத் தலைவர், பொருளாளர், ஆலோசகர். மண்டபத்தில் மாலை, பொன்னாடை, பிரமுகர் கையால் செயலி வெளியீடு. அடுத்த ஆண்ட்ராய்டு பதிப்பில் அது திறக்காது. மூலநிரல் யாரிடம் என்பதும் தெரியாது. இதைத் தமிழ்த்தொண்டு என்று அழைப்பதை நிறுத்துங்கள். 'மூலநிரலை இலவசமாகக் கொடுத்தால் மதிப்பிருக்காது' என்பவர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. அவர்கள் பையிலுள்ள ஆண்ட்ராய்டே இலவசமான லினக்ஸ் கருவில்தான் ஓடுகிறது.

முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் தமிழ் மென்பொருள் பிறந்த நாடு இது. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. ஒருவர் உழைப்பில் ஊரே குளிர்காய்ந்தோம். அடுத்த நிரலாளரை வளர்க்கவில்லை.

அரைகுறையானாலும் ஓடுகிற ஒன்றை முதல் நாளே கிட்ஹப்பில் போட வேண்டும், உரிமத்தோடு. புதிதாக வருகிறவர் ஒரு மாலைக்குள் முடிக்கக்கூடிய சின்னப் பிழைகளைத் தனியே குறித்து வைக்க வேண்டும். அனுப்பிய திருத்தத்துக்கு இரண்டு நாளில் பதில் வராவிட்டால் அந்த இளைஞர் திரும்ப வரமாட்டார். செயலவைத் தேர்தலைவிட இந்தப் பதில்தான் முக்கியம்.

மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை மாணவர்களும் கிள்ளான் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் சேர்ந்து ஓராண்டு உட்கார்ந்தால் மலேசியத் தமிழ்க் குரல் தொகுப்பு உருவாகிவிடும். அதன்பின் எந்த ஏஐ நிறுவனமும் நம்மைத் தாண்டிப் போக முடியாது. புத்ராஜெயாவே தேடி வரும்.